ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி அதிகம் என்று வந்திருக்கிறதா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் காய்ச்சல்காரர்கள் கூட்டம், மற்ற மாதங்களில் தைராய்டு, மூட்டுவலி, அலர்ஜி. யார் வந்தாலும் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள், பார்த்ததும் முகம் மாறிவிடுகிறது. நான் டாக்டர் இல்லை, மருந்து சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பது என்ன, டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் பாதி பயம் குறையும், வீணாகப் போகும் பாதிக் காசும் மிஞ்சும். அதற்காகத்தான் இது.

ஆன்டிபாடி என்றால் என்ன, அது ஏன் ஏறுகிறது?

உடம்புக்குள் கிருமி நுழைந்தால் அந்தக் கிருமிக்கென்றே ஒரு புரதத்தை நம் ரத்த அணுக்கள் தயாரிக்கின்றன. அதுதான் ஆன்டிபாடி, பள்ளிப் பாடத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். டெங்குவுக்காக உருவானது எலிக்காய்ச்சலுக்கு உதவாது, அம்மைக்காக உருவானது டைபாய்டுக்கு உதவாது. 1890-ல் பெரிங், கிடசாட்டோ என்ற இரண்டு பேர், ரணஜன்னிக்கு எதிர்ப்பு உண்டான விலங்கின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரை, வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் பிழைக்கிறது என்று காட்டினார்கள். இந்தப் படிப்பே அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஏறுவதற்குக் காரணம் பல. இப்போது நோய் இருக்கலாம், எப்போதோ வந்து போயிருக்கலாம், தடுப்பூசி போட்டிருக்கலாம், உடம்பு தன் சொந்த உறுப்புக்கு எதிராகவே தவறுதலாகத் தயாரிக்கலாம், அபூர்வமாக ஒரே வகை அணு கட்டுப்பாடில்லாமல் பெருகியிருக்கலாம். ஆகவே "ஆன்டிபாடி அதிகம்" என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. எதற்கு எதிரான ஆன்டிபாடி, எந்த வகை, நோய் தொடங்கி எத்தனையாவது நாள் எடுத்த ரத்தம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.

ஐஜிஎம், ஐஜிஜி என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

வகைகள். ஐஜிஎம் முதலில் வருவது, பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய முதல் வாரக் கடைசியில் தலைகாட்டும். ஐஜிஜி பின்னால் வந்து வருடக்கணக்கில் தங்கும், சில நோய்களுக்கு ஆயுள் முழுக்க. ஐஜிஏ குடல், மூச்சுக்குழாய் ஓரங்களில் வேலை செய்வது. ஐஜிஇ அலர்ஜிக்கும் புழுக்களுக்கும் உரியது.

ஐஜிஎம் இருந்தால் புது நோய், ஐஜிஜி இருந்தால் பழைய நோய் என்று பொதுவாகச் சொல்வார்கள். முக்கால்வாசி சரி. மீதியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் டெங்கு ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் வரை ரத்தத்தில் இருக்கும், எலிக்காய்ச்சல் ஐஜிஎம் பல மாதம்கூட இருக்கும். ஐப்பசியில் வந்த டெங்குவின் ஐஜிஎம், மார்கழியில் வந்த சாதாரணச் சளிக்காய்ச்சலின்போதும் பாசிட்டிவ் காட்டும். முந்தின காய்ச்சலைப் பற்றி டாக்டரிடம் நீங்களாகச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

1:80, 1:160 என்று எழுதியிருப்பது என்ன கணக்கு?

அது டைட்டர். உங்கள் சீரத்தை உப்புக் கரைசலில் இரண்டு மடங்கு இரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போவோம். 1:20, 1:40, 1:80 என்று. எந்த அளவு நீர்த்த பிறகும் பரிசோதனை வேலை செய்கிறதோ அந்தக் கடைசிக் குழாய்தான் உங்கள் டைட்டர். ஒரு படி வித்தியாசம், அதாவது இன்றைக்கு 1:80 அடுத்த வாரம் 1:160, அதே ரத்தத்தை இரண்டு பேர் படித்தாலே வரக்கூடியது. நான்கு மடங்கு ஏறினால்தான், 1:40 இருந்தது 1:160 ஆனால்தான், உண்மையான ஏற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, ஒரு லேப் எண்ணை இன்னொரு லேப் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கிட் வேறு, அளவுகோல் வேறு. ஒப்பிட வேண்டுமென்றால் திரும்பவும் அதே இடத்தில் எடுங்கள்.

வயல் வேலைக்குப் போகிறோம், எலிக்காய்ச்சல் ஐஜிஎம் பாசிட்டிவ் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம் ஊருக்கு இதுதான் முக்கியம்.

எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வருவது. ஆடு மாடு, நாய், பன்றியின் மூத்திரம் மூலமாகவும் வரும். சம்பா நடவின்போது வெறுங்காலோடு நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறோம், விரலிடுக்கு ஊறி வெளுத்துப்போய் வெடித்திருக்கும், வரப்பில் எலி வளை வளையாக இருக்கும். மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிப்பவர்களுக்கும், மழைக்குப் பிறகு வாய்க்கால் தூர்வாருபவர்களுக்கும், மாட்டுக்கொட்டகை கழுவும் பெண்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஊறிப்போன தோலும் சின்னக் கீறலும் அந்தக் கிருமிக்குப் போதும்.

போன மழையில் நடவு ஆள் ஒரு அக்கா வந்தார். காய்ச்சல் ஏழாவது நாள், கெண்டைக்காலைத் தொடவிடவில்லை, கண் வெள்ளை சிவந்திருந்தது. மூன்றாவது நாளே ஒரு இடத்தில் ரத்தம் எடுத்து ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்ததால் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்திருக்கிறார். "தம்பி, அன்னைக்கே இல்லன்னு எழுதிக் குடுத்தாங்களே" என்று பழைய தாளை நீட்டினார். மூன்றாவது நாளில் ஆன்டிபாடி உருவாகியே இருக்காது. ஐந்து முதல் ஏழு நாள் ஆனால்தான் அது பரிசோதனையில் பிடிபடும். அன்று எடுத்ததில் பாசிட்டிவ் வந்தது, கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. கையோடு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், நல்லபடியாகத் திரும்பி வந்தார்.

எனவே ஆரம்ப நாளில் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அதே மாதிரி பாசிட்டிவ் என்றால் இப்போதுதான் வந்தது என்றும் அர்த்தமில்லை, வருடா வருடம் சேற்றில் இறங்குகிறவர்களுக்குப் பழைய ஐஜிஎம் மிச்சமிருக்கலாம். டாக்டர்கள் அறிகுறியையும் வேலையையும் சேர்த்துப் பார்த்து ரிப்போர்ட்டுக்குக் காத்திராமலேயே டாக்சிசைக்ளின் மாதிரி மருந்தைத் தொடங்கிவிடுவது இதனால்தான். "என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மூத்திரம் குறைந்தால், கண் மஞ்சளானால், மூச்சு வாங்கினால், இருமலில் ரத்தம் வந்தால், ஐஜிஎம் என்ன சொன்னாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-க்குப் போன் போடுங்கள்.

உண்ணிக்காய்ச்சலும் அதேதானா?

இல்லை. அது ஸ்க்ரப் டைபஸ், புதர், புல் மண்டிய இடங்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் இளம்பருவம் கடித்து வருவது. இதற்கும் ஐஜிஎம் பரிசோதனைதான், இதிலும் அதே நாள் கணக்குதான். ஆனால் ரத்தத்துக்கு முன்னால் தோலைப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், இங்கெல்லாம் வலியே இல்லாமல் ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம் இருந்தால் அது பாதி ரிப்போர்ட்டுக்குச் சமம். பெண்கள் கூச்சப்பட்டுக்கொண்டு காட்டாமல் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.

டெங்குவில் ஐஜிஜி மட்டும் அதிகமாக இருக்கிறது, ஐஜிஎம் இல்லை. நல்லதா கெட்டதா?

காய்ச்சல் இல்லாத ஆளென்றால் முன்பு எப்போதோ டெங்கு வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். நம் பகுதியில் பலருக்குத் தெரியாமலே வந்து போயிருக்கும். ஆனால் இப்போது காய்ச்சல் இருந்து, ஆரம்ப நாட்களிலேயே ஐஜிஜி மிக அதிகமாக இருந்தால் இது இரண்டாவது முறை டெங்குவாக இருக்கலாம், ஏனென்றால் டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு, ஒன்று வந்தவருக்கு மற்ற மூன்றும் வரலாம். இரண்டாவது தடவை தீவிரமாவதற்கு வாய்ப்பு அதிகம். முதல் ஐந்து நாளில் வைரஸின் புரதத்தையே பார்க்கும் என்எஸ்1 பரிசோதனைதான் உதவும், ஐஜிஎம் அதற்குப் பிறகுதான்.

காய்ச்சல் விட்டுவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் ஆபத்தானது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், துவண்டு கிடப்பது, இதில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வைடால் 1:160, டைபாய்டு என்று சொல்லி ஊசி போடுகிறார்கள். சரியா?

இந்த ஒரு பரிசோதனையால் நம் ஊரில் எத்தனை பேர் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். வெள்ளைப் பளிங்குத் தகட்டில் வட்டங்கள் வரைந்திருக்கும். உங்கள் சீரம் ஒரு சொட்டு, டைபாய்டு கிருமியிலிருந்து எடுத்துச் சாயமேற்றிய திரவம் ஒரு சொட்டு, குச்சியால் கலந்து ஒரு நிமிடம் தகட்டை ஆட்டுவோம். துகள் துகளாகத் திரண்டால் பாசிட்டிவ். லேசாகத் திரண்டிருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறோம், மெஷின் கிடையாது. ஒரு நிமிடம் கடந்து பார்த்தால் காய்ந்துபோய் திரண்ட மாதிரியே தெரியும்.

1896-ல் பிரான்சு நாட்டு டாக்டர் வைடால் கொண்டுவந்த முறை இது. டைபாய்டு பரவலாக இருக்கும் ஊர்களில் ஆரோக்கியமானவர் ரத்தத்திலும் கொஞ்சம் ஆன்டிபாடி இருக்கும், பழைய வகைத் தடுப்பூசி போட்டவருக்கு எச் (கிருமியின் வால் இழைக்கு எதிரான ஆன்டிபாடி) ஏறும், மலேரியா போன்ற வேறு காய்ச்சல்களிலும் ஏறலாம். அதனால் ஒரே ஒரு தடவை எடுத்த வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்ட முடியாது. இந்தியாவில் ஓ (கிருமியின் உடல்பகுதிக்கு எதிரானது) 1:80-க்கு மேல், எச் 1:160-க்கு மேல் என்றால் சந்தேகப்படலாம் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் நான்கு மடங்கு ஏற்றம் கண்டால் கொஞ்சம் நம்பலாம். ஆனால் உறுதியாகச் சொல்வது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர், அதுவும் முதல் வாரத்தில், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பு எடுத்தது. செலவு கூடத்தான், ரிப்போர்ட் வர நாலைந்து நாளும் ஆகலாம். ஆனால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

காய்ச்சலே இல்லாமல் "உடம்பு அசதி" என்று வைடால் எடுத்து, பாசிட்டிவ் வந்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: காய்ச்சல் இல்லாத ஆளுக்கு இந்தப் பரிசோதனையே தேவையில்லை.

தைராய்டு ஆன்டிபாடி, ஆன்டி டிபிஓ, 1000-க்கு மேல் இருக்கிறது. கேன்சரா?

இல்லை. தைராய்டு சுரப்பிக்கு எதிராக உடம்பே தயாரித்த ஆன்டிபாடி அது. 1912-ல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் விவரித்த நோய், பெண்களுக்கு அதிகம், குடும்பத்தில் அம்மா, அத்தை என்று யாருக்காவது இருக்கும். பார்க்க வேண்டியது டிஎஸ்ஹெச், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன். அது சரியாக இருந்தால் இந்த எண் 100 என்றாலும் 1000 என்றாலும் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது, வருடம் ஒரு முறை டிஎஸ்ஹெச் பார்த்தால் போதும். இங்கிலாந்தில் விக்கம் என்ற இடத்தில் 20 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஆன்டிபாடியும் அதிகம் டிஎஸ்ஹெச்சும் அதிகம் என்று இருந்த பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்பு முழுதாகக் குறைந்தது, ஆன்டிபாடி மட்டும் அதிகம் என்றால் சுமார் 2 சதவீதம். அவசரமில்லை, ஆனால் மறந்துவிடவும் கூடாது. குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள், கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரிடம் இதைக் கட்டாயம் காட்டுங்கள், அவர்களுக்கு டிஎஸ்ஹெச்சை அடிக்கடி பார்க்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆன்டி டிபிஓ-வையே திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். அது இறங்கினாலும் ஏறினாலும் மாத்திரை அளவு மாறப்போவதில்லை.

ஆர்ஏ ஃபாக்டர், ஏஎன்ஏ பாசிட்டிவ். முடக்குவாதமா?

இரண்டுமே உடம்பு தனக்கு எதிராகவே தயாரிக்கும் ஆன்டிபாடிகள். மூட்டு எப்படி இருக்கிறது? காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் இறுகிப்போய், கோலமாவைக் கிள்ளக்கூட முடியாமல் அரை மணி ஒரு மணி நேரம் ஆகிறதா? வீக்கம் இருக்கிறதா? அப்படியென்றால் சீக்கிரமே மூட்டு நோய் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போட்டால் மூட்டு கோணிவிடும். வெறும் முழங்கால் வலிக்கு எடுத்ததில் ஆர்ஏ ஃபாக்டர் கொஞ்சம் ஏறியிருந்தால் அது வேறு கதை. வயதானவர்களுக்கும், காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கும் முடக்குவாதம் இல்லாமலே ஏறும். சந்தேகம் இருந்தால் ஆன்டி சிசிபி எடுக்கச் சொல்வார்கள், அது இன்னும் துல்லியம்.

ஏஎன்ஏ 1:80 என்பது ஆரோக்கியமானவர்களில் பத்துக்கு ஒருவருக்கு மேல் இருக்கும். முகத்தில் தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுவது, மூத்திரத்தில் புரதம் என்று கூட எதுவும் இல்லாதபோது அந்த எண்ணை மட்டும் வைத்து லூபஸ் (உடம்பு தன்னையே தாக்கும் ஒரு நோய்) என்று யாரும் சொல்ல முடியாது.

பையனுக்கு ஏஎஸ்ஓ 400. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டுமா?

ஏஎஸ்ஓ அதிகம் என்றால் சமீபத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வந்து போயிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இது பெரியவர்களுக்கான 200 என்ற எல்லையைச் சாதாரணமாகவே தாண்டும். ருமாட்டிக் காய்ச்சல் என்றால் ஒரு மூட்டு விட்டு ஒரு மூட்டு வீங்குவது, இதயத்தில் மாற்றம், கைகால் தானாக ஆடுவது என்று வேறு அடையாளங்கள் வேண்டும். அவை உறுதியான பிள்ளைகளுக்கு அந்த ஊசி உயிர்காப்பது, ஒரு தடவைகூடத் தவறக்கூடாது. எண் மட்டும் அதிகம் என்பதற்காக வருடக்கணக்கில் ஊசி போடச் சொன்னால், இதயத்துக்கான ஸ்கேனான எக்கோ எடுத்துக் குழந்தை டாக்டர் ஒருவரிடம் இன்னொரு கருத்து கேளுங்கள்.

ஐஜிஇ 2000 என்று வந்திருக்கிறது, இருமல் விடவே இல்லை.

ஐஜிஇ பெரியவர்களுக்கு 100-க்குள் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான லேப்கள் போடும். அலர்ஜி, ஆஸ்துமா, கரப்பான் என்ற தோல் நோய், குடல்புழு எல்லாவற்றிலும் ஏறும். நம் டெல்டாவுக்கென்று தனியாக ஒன்று உண்டு, அதை வெளியூர் டாக்டர் சட்டென்று நினைக்காமல் போகலாம். கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரம் ஒரு காலத்தில் யானைக்காலுக்குப் பேர்போனது, வீடுவீடாக டிஇசி மாத்திரை கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த யானைக்கால் புழு சிலருக்குக் காலை வீங்கச் செய்யாமல் நுரையீரலில் ஒவ்வாமையைக் கிளப்பும். ராத்திரியில் இருமல், இளைப்பு, ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு 3000-க்கு மேல், ஐஜிஇ 1000-க்கு மேல் என்று எல்லாம் சேர்ந்து வரும். ஆஸ்துமா என்றே நினைத்து இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருப்பார்கள். டிஇசி மாத்திரை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் கேட்கும். ஆகவே ரிப்போர்ட்டைக் காட்டும்போது "எங்கள் பக்கம் யானைக்கால் இருந்த ஊர்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆன்டிபாடி அதிகம் இருந்தால் நல்லது என்று எதிலாவது உண்டா?

உண்டு. ஆன்டி ஹெச்பிஎஸ் 10-க்கு மேல் என்றால் மஞ்சள்காமாலை பி-க்கு எதிரான பாதுகாப்பு இருக்கிறது. அதை ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது கிருமியே உடம்பில் இருக்கிறது என்பது. கர்ப்பிணிகளுக்கு ரூபெல்லா (ஜெர்மன் அம்மை) ஐஜிஜி அதிகம் என்றால் சந்தோஷப்பட வேண்டியது. கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளான டாக்ஸோ, சிஎம்வி ஆகியவற்றுக்கு ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் பழைய தொற்று, அதை வைத்துக் கருவைக் கலைப்பது வரை யோசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம், முதலில் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஹெச்ஐவி ஆன்டிபாடி உறுதியானால் தொற்று இருக்கிறது என்றுதான் பொருள், அரசு நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு பரிசோதனையில் உறுதிசெய்வார்கள், இலவசம், ரகசியம். ஆனால் ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தையிடம் இருப்பது அம்மாவின் ஆன்டிபாடியாக இருக்கலாம், அதற்குத் தனிப் பரிசோதனை. ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி குணமான பிறகும் இருக்கும், கிருமி இப்போது இருக்கிறதா என்று ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும்.

டிபி-க்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கலாமா?

கூடாது. தவறான முடிவு தருவதால் டிபி-க்கான ரத்த ஆன்டிபாடி கிட்களை மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. சளியைத்தான் பார்க்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

எந்த நோயும் குறிப்பிடாமல் குளோபுலின் அதிகம், ஏ/ஜி விகிதம் குறைவு என்று வந்தால்?

ரத்தத்தில் ஆல்புமின், குளோபுலின் என்று இரண்டு வகைப் புரதம் உண்டு, அவற்றின் விகிதம்தான் ஏ/ஜி. குளோபுலினில் ஒரு முக்கியப் பகுதி ஆன்டிபாடிதான். கல்லீரல் நோய், நாள்பட்ட தொற்று, மூட்டுவாதம் போன்றவற்றில் எல்லா வகையும் கலந்து ஏறும். ஆனால் ஐம்பது வயது தாண்டியவருக்கு முதுகெலும்பு வலி, ரத்தசோகை, கிரியாட்டினின் ஏற்றம் ஆகியவற்றோடு குளோபுலினும் அதிகம் என்றால் ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் பெருகியிருந்தால் அதில் எம் பட்டை என்று தெரியும். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், அல்லது ஒன்றும் செய்யாமல் வருடா வருடம் கவனித்தால் போதும் என்ற நிலையாகவும் இருக்கலாம். அந்த இரண்டாவது நிலையில் ஆண்டுக்குச் சுமார் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் நோயாக மாறுகிறது. முதுகு வலிக்கு எண்ணெய் தேய்த்து மாதக்கணக்கில் ஓட்டிவிட்ட பெரியவர்களைப் பார்க்கும்போதுதான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

நெகட்டிவ் ரத்த வகை, கர்ப்பத்தில் ஆன்டிபாடி பாசிட்டிவ்?

இது காத்திருக்கக் கூடாதது. அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் அம்மாவிடம் உருவான ஆன்டிபாடி குழந்தையின் ரத்த அணுக்களை உடைக்கக்கூடும். அதைப் பார்க்கும் கூம்ப்ஸ் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் தொடர்ந்து ஸ்கேன் பார்க்க வேண்டும். ஆனால் 28-வது வாரம், அந்த ஆன்டிபாடி உருவாகாமல் தடுக்கும் ஆன்டி டி ஊசி போட்ட பிறகு ரத்தம் எடுத்தால் அந்த ஊசியே லேசாகப் பாசிட்டிவ் காட்டும், ஊசி போட்ட தேதியைச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில், கஷாயத்தில் ஆன்டிபாடியைக் குறைக்க முடியுமா?

குறைக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. நோய் சரியானால் பெரும்பாலானவை தானாக மெல்ல இறங்கும். ஒரு விதிவிலக்கு, கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், அதில் கோதுமையை அடியோடு நிறுத்தினால் டிடிஜி ஆன்டிபாடி மெல்ல மெல்ல இறங்கும். ஆனால் அந்தப் பரிசோதனையை எடுப்பதற்கு முன்பே சப்பாத்தியை நிறுத்திவிட்டால் ரிப்போர்ட் தப்பாக நெகட்டிவ் காட்டும்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

ஆன்டிபாடிக்குத் தேவையில்லை, காலையில் சாப்பிட்டுவிட்டே வரலாம், சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் மட்டும் வெறும் வயிறு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வாருங்கள், தைராய்டு பரிசோதனைகளை அது மாற்றிக் காட்டும். நிறுத்த மறந்துவிட்டீர்களென்றால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள், வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.